நாய்க்கு வீட்டு ஐஸ்: இளநீரா, தர்பூசணியா, தயிரா, கோழி சூப்பா?

பங்குனி வெயில் ஏறத் தொடங்கியதும் நாய் வளர்க்கிற வீடுகளில் ஃப்ரீசரில் ஒரு மூலை நாய்க்கென்று ஒதுங்கிவிடும். ஒரு வீட்டில் இளநீரை உறைய வைப்பார்கள், இன்னொரு வீட்டில் தயிரில் பழம் போடுவார்கள், வெளிநாட்டு வீடியோ பார்த்தவர்கள் வாழைப்பழத்தையும் பீனட் பட்டரையும் சேர்த்து மிக்ஸியில் அடிப்பார்கள். வீட்டில் செய்ததுதானே, எதைக் கொடுத்தாலும் நல்லது என்கிற எண்ணம் பொதுவாக இருக்கிறது. அருகருகே வைத்துப் பார்த்தால் அப்படி இல்லை. என் முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அசைவம் சமைக்கும் வீடு என்றால் உப்புப் போடாத கோழி சூப் ஐஸுக்குத்தான் முதலிடம். சைவ வீடு என்றால் தயிரும் தர்பூசணியும் கலந்தது. இளநீருக்கு நாம் கொடுக்கும் மதிப்பு நாய் விஷயத்தில் பொருந்தாது. வாழைப்பழம்-பீனட் பட்டருக்குக் கடைசி இடம்.

ஐஸ் என்ன செய்யும், என்ன செய்யாது என்பதை முதலில் பார்த்துவிடலாம். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்ப்பதில்லை. உள்ளங்காலில் கொஞ்சம் வியர்க்கும். மற்றபடி நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். 50 கிராம் ஐஸ் வயிற்றில் உருகி உடம்புச் சூட்டுக்கு வருவதற்கு ஏறக்குறைய 6 கிலோ கலோரி வெப்பத்தை இழுத்துக்கொள்ளும். 25 கிலோ லேப்ரடாரின் உடம்பில் கணக்குப் போட்டால் அது 0.3 டிகிரி செல்சியஸ்தான். நாயின் இயல்பான வெப்பநிலை 38 முதல் 39 டிகிரி வரை. 41-ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. அதனால் தலைகால் தெரியாமல் இரைத்து, கெட்டியாக எச்சில் ஒழுக்கி, ஈறு செக்கச்செவேலென்று ஆகி, தள்ளாடும் நாய்க்கு ஐஸ் கொடுத்து உட்கார்ந்திருக்கக் கூடாது. குழாய்த் தண்ணீரை உடம்பெல்லாம் ஊற்றி, ஃபேன் காற்றில் வைத்து, உடனே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

அப்படியானால் ஐஸ் எதற்கு? தண்ணீர் குடிக்கச் சோம்பும் நாயின் உடம்புக்குள் தண்ணீர் போகும். மத்தியானம் இரண்டு மணிக்கு வெளியே விட முடியாத நேரத்தில் அதற்கு ஒரு வேலை கிடைக்கும். அப்புறம், அதற்குப் பிடிக்கும். ஆக நல்ல ஐஸ் என்றால் பெரும்பகுதி தண்ணீராக இருக்க வேண்டும், கலோரி குறைவாக இருக்க வேண்டும், நாய் அதை விரும்பித் தின்ன வேண்டும், பல்லை உடைக்கக் கூடாது.

இளநீரும் தர்பூசணியும்

வெயிலுக்கு இளநீர் என்பது நமக்கு ரத்தத்தில் ஊறியது. வியர்வையோடு உப்பும் வெளியேறுகிற நமக்கு அது சரி. நாய்க்கு அப்படி வியர்ப்பதில்லையே. இரைக்கும்போது அது இழப்பது பெரும்பாலும் வெறும் தண்ணீரைத்தான். ‘உப்புச்சத்தை ஈடு செய்யும்’ என்கிற வாதம் நாயிடம் வந்ததும் பாதி பலத்தை இழந்துவிடுகிறது. இன்னொரு பக்கம், 100 மில்லி இளநீரில் சுமார் 250 மில்லிகிராம் பொட்டாசியம் இருக்கிறது. ஆரோக்கியமான நாய்க்கு நாலைந்து கட்டியால் ஒன்றும் ஆகாது. சிறுநீரகம் பழுதான கிழநாய்க்கும், இதயத்துக்கு எனலாப்ரில் போன்ற மாத்திரை எடுக்கும் நாய்க்கும் பொட்டாசியம் ஏறுவது நல்லதில்லை. வீட்டில் அப்படிப்பட்ட நாய் இருந்தால் இளநீர் ஐஸைத் தவிர்த்துவிடுங்கள்.

தர்பூசணியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர். 100 கிராமுக்கு 30 கிலோ கலோரிதான். இளநீரில் அதைவிடக் கொஞ்சம் குறைவு என்றாலும், ஒரு இளநீர் வாங்கும் காசுக்குச் சீசனில் நல்ல அளவு தர்பூசணி வாங்கிவிடலாம். விதையையும் பச்சைத் தோலையும் எடுத்துவிட வேண்டும். தோலை ஒட்டிய வெள்ளைப் பகுதி கொஞ்சம் இருந்தால் பரவாயில்லை. கட்டியாக நறுக்கி அப்படியே உறைய வைப்பதைவிட அடித்து ஊற்றினால் பல்லுக்கு இதம். இந்த இரண்டில் எனக்குத் தர்பூசணிதான். ஒரு குறை உண்டு: அதிகமாகப் போனால் பேதியாகும். சர்க்கரை நோய் உள்ள நாய்க்கு டாக்டரைக் கேட்காமல் எந்தப் பழமும் வேண்டாம்.

வாழைப்பழம் - பீனட் பட்டர்

இதைப் பார்த்தால் நாய் துள்ளும்; அதில் சந்தேகமே இல்லை. கணக்குதான் இடிக்கிறது. நாயின் ஒரு நாள் சாப்பாட்டில் தின்பண்டம் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது கால்நடை மருத்துவர்கள் சொல்லும் பொது அளவு. வீட்டுக்குள் வளரும் 10 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 600 கிலோ கலோரி தேவை என்றால், தின்பண்டத்துக்கு 60. ஒரு மேசைக்கரண்டி பீனட் பட்டரிலேயே 95 வந்துவிடுகிறது. அதன்மேல் வாழைப்பழம் 100 கிராமுக்கு 90. பொமரேனியனுக்கு நிலைமை இன்னும் மோசம். 5 கிலோ உடம்புக்குத் தின்பண்டப் பங்கே 35-தான். நம் வீட்டு நாய்களில் பல ஏற்கெனவே இட்லியும் பிஸ்கட்டும் தின்று உருண்டு கிடக்கின்றன. அவற்றின் மேல் இதையும் ஏற்றுவது அன்பான காரியம் இல்லை.

அதைவிடப் பெரிய கவலை சைலிட்டால். சர்க்கரை சேர்க்காத சில பீனட் பட்டர்களில் இனிப்புக்காக இதைப் போடுகிறார்கள். மனிதருக்கு இது நாய்க்குப் போல நஞ்சில்லை. நாயின் உடம்போ இதைக் கண்டதும் இன்சுலினைக் கொட்டிவிடும். அரை மணி, ஒரு மணி நேரத்தில் ரத்தச் சர்க்கரை விழுந்து வலிப்பு வரை போகலாம். அளவு கூடினால் கல்லீரலே செயலிழக்கும். டப்பாவின் பின்பக்கம் இனிப்பூட்டி என்று போட்டு 967 என்ற எண் இருந்தால் அது சைலிட்டால்தான். கட்டாயம் செய்யத்தான் வேண்டும் என்றால் புது வேர்க்கடலையை வறுத்து, உப்பும் வெல்லமும் இல்லாமல் நீங்களே அரைத்து, அரை டீஸ்பூன் மட்டும் தயிரில் கலக்குங்கள். பூஞ்சை வாடை அடிக்கிற பழைய கடலையைத் தொடவே வேண்டாம். அதிலிருக்கும் பூஞ்சை நஞ்சு நாயின் கல்லீரலைத்தான் முதலில் தாக்கும்.

தயிரும் கோழி சூப்பும்

உண்மையான போட்டி இந்த இரண்டுக்கும் நடுவில்தான்.

தயிர் எல்லா வீட்டிலும் இருக்கிறது. தயிர்சாதம் தின்று வளர்ந்த நாய்களுக்கு வயிறும் பழகியிருக்கும். தாய்ப்பால் மறந்த நாய்களில் பலவற்றுக்குப் பாலிலுள்ள லாக்டோஸ் செரிக்காது. பால் தயிராகும்போது அதில் ஒரு பகுதியை உறை தின்றுவிடுவதால், பாலுக்கு ஒத்துக்கொள்ளாத நாய்கூடத் தயிரைத் தாங்கிக்கொள்வதுண்டு. எந்தப் பாலில் உறை ஊற்றுகிறோம் என்பதைப் பாருங்கள். ஆவின் நீலப் பாக்கெட்டில் கொழுப்பு 3 சதவீதம், ஆரஞ்சில் 6. கணையம் வீங்கி ஒருமுறை படுத்து எழுந்த நாய்க்கு இந்த வித்தியாசம் சின்ன விஷயம் இல்லை. மற்ற நாய்களுக்கும் நீலமே போதும். உப்பு, பச்சை மிளகாய், பெருங்காயம் போட்ட நம் மோரை உறைய வைக்கக் கூடாது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. கடையில் விற்கும் பழச்சுவைத் தயிரும் வேண்டாம். அதில் சர்க்கரையோ செயற்கை இனிப்போ இருக்கும்.

தயிரின் பலம், உறைந்த பிறகும் அது பொரபொரவென்று இருப்பது. வெறும் தண்ணீர்க் கட்டி போலக் கல்லாகாது. பலவீனம், வாசனை. குளிரக் குளிர எந்தப் பொருளின் வாசனையும் அடங்கிவிடும். நாயோ மூக்கால் சாப்பிடும் பிராணி. லேசான வாசனை உள்ள தயிர் ஃப்ரீசருக்குள் போய் வந்ததும் சில நாய்களுக்கு அது என்ன பொருள் என்றே தெரிவதில்லை.

கோழி சூப் ஜெயிப்பது இங்கேதான். எவ்வளவு குளிர்ந்தாலும் கறி வாசனை விட்டுப்போகாது. எங்கள் வீட்டு நாட்டு நாய் மணி, சூப் ஐஸை வாயில் கவ்வித் துவைக்கிற கல்லடிக்குக் கொண்டுபோய், இரண்டு முன்னங்கால்களுக்கும் நடுவில் பிடித்துக்கொண்டு ஓரத்திலிருந்து நக்கத் தொடங்கும். உருகிச் சிமெண்டுத் தரையில் வழிந்ததைக் காய்வதற்குள் நக்கி முடித்துவிட்டுத்தான் மறுபடி கட்டியிடம் திரும்பும். இளநீர் ஐஸ் வைத்தால் முகர்ந்து பார்க்கும், ஒருமுறை நக்கும், மூக்கால் தள்ளிவிட்டுக் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துவிடும்.

செய்வதும் சுலபம். கறிக்கடையில் கோழிக்கால், கழுத்து எலும்பு கேட்டால் மலிவாகக் கிடைக்கும். நகத்தை வெட்டிக் கழுவி, அரைக் கிலோவுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் ஊற்றிக் குக்கரில் நன்றாகக் குழைய விடுங்கள். உப்பு, மசாலா எதுவும் கிடையாது. வடிகட்டும்போது எலும்பு ஒன்றுகூடத் தங்கக் கூடாது. வெந்த எலும்பு ஊசி ஊசியாக உடைந்து தொண்டையையும் குடலையும் கிழிக்கும். வடித்ததை இரவு ஃப்ரிட்ஜில் வைத்தால் காலையில் மேலே கொழுப்பு வெள்ளைத் தட்டாகக் கட்டியிருக்கும். அதை முழுசாக எடுத்துவிடுங்கள். அடியில் இருப்பது ஜெல்லி போலத் தளதளக்கும்; கோழிக்காலிலிருந்து இறங்கிய ஜெலட்டின் அது. அதில் சம அளவு தண்ணீர் கலந்து ஊற்றுங்கள். பெரிய பனிப்படிகங்கள் உருவாவதை ஜெலட்டின் தடுப்பதால் கட்டி அவ்வளவு கடினமாகாது. கொழுப்பு நீக்கியதால் கலோரியும் தர்பூசணியைவிடக் குறைவு.

இதில் ஒரே ஒரு கண்டம் வெங்காயமும் பூண்டும். குழம்பில் மேலாக நிற்கும் தண்ணீரை எடுத்து உறைய வைக்கும் பழக்கம் சில வீடுகளில் இருக்கிறது, தயவுசெய்து வேண்டாம். வெங்காயத்தில் உள்ள கந்தகச் சேர்மங்கள் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். கொதிக்க வைத்தாலும் அந்தக் குணம் போகாது. ஒரு கிலோ உடல் எடைக்கு 15 கிராம் வெங்காயமே பாதிப்பைத் தொடங்கிவிடலாம். 5 கிலோ நாய்க்கு அது வெறும் 75 கிராம். பூண்டும் அதே வேலையைத்தான் செய்யும்.

புளியைப் பற்றியும் இந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன், நம் சமையலில் அது இல்லாத நாள் இல்லை. திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பது பலருக்கும் தெரிந்திருக்கும். பன்னீர் திராட்சை, உலர்திராட்சை எல்லாமே இதில் சேர்த்திதான். எந்த நாய்க்கு எத்தனை பழம் ஆபத்து என்று கணிக்கவும் முடியாது. அதற்குக் காரணம் டார்டாரிக் அமிலமாக இருக்கலாம் என்று 2021-இல் அமெரிக்கக் கால்நடை மருத்துவர்கள் சொன்னார்கள். அடுத்து வந்த ஆய்வுக் கட்டுரையில் புளி தின்று சிறுநீரகம் பாதித்த நாய்களையும் பதிவு செய்தார்கள். புளியில் அந்த அமிலம் நிறைய இருக்கிறது. பானகமோ ரசமோ நாயின் ஐஸ் ட்ரேக்குள் போக வேண்டாம்.

சைவ வீட்டுக்கு

தயிர் ஒரு பங்கு, விதை எடுத்து அடித்த தர்பூசணி இரண்டு பங்கு. தயிரின் பொரபொரப்பும் பழத்தின் தண்ணீரும் சேர்ந்து நல்ல பதம் வரும். வாசனைக்குறை இருக்கத்தான் செய்யும். கொடுப்பதற்கு ஐந்து நிமிடம் முன்பே வெளியே எடுத்து வைத்தால் மேல்பக்கம் இளகி, நாய் கண்டுகொள்ளும். தர்பூசணி இல்லாத மாதத்தில் மஞ்சள் பூசணியை வேகவைத்து மசித்துச் சேர்க்கலாம். கலோரி குறைவு, நார்ச்சத்து உண்டு, இளகின மலத்தைக் கொஞ்சம் கட்டும்.

எதில் ஊற்றுகிறோம் என்பது

எதை ஊற்றினோம் என்பதற்குச் சமமாக இதுவும் முக்கியம். ஐஸ் ட்ரேயின் சதுரக் கட்டி லேப்ரடாருக்குச் சிறியது, அப்படியே விழுங்கப் பார்க்கும்; ஸ்பிட்ஸுக்கு அதுவே பாறை. ஐஸைக் கடித்து மேல்தாடைக் கடைவாய்ப் பல் பிளந்துபோவது உண்டு. கட்டைவிரல் நகத்தால் அழுத்தினால் தடம் விழ வேண்டும். விழாவிட்டால் இன்னும் கொஞ்ச நேரம் வெளியே இருக்கட்டும். எனக்கு மிகவும் பிடித்தது எவர்சில்வர் தட்டு. விரல் தடிமனுக்கு ஊற்றி உறைய வைத்து, தட்டோடு தரையில் வைத்துவிட்டால் நக்கத்தான் முடியும், விழுங்க முடியாது. மூக்கு சப்பையான பக், புல்டாக் நாய்களுக்கு இதுதான் பாதுகாப்பு. குச்சி ஐஸ் அழகாக இருக்கும், ஆனால் குச்சியை நாய் தின்றுவிடும். பிடி வேண்டும் என்றால் வேகாத கேரட் துண்டைச் செருகுங்கள்.

ஐஸ் தின்றால் வயிறு முறுக்கிச் செத்துவிடும் என்று ஒரு பயம் பரவியிருக்கிறது. வயிறு முறுக்குவதற்கு ஐஸின் குளிர்ச்சி காரணம் என்று நிரூபணமில்லை. ஆழமான நெஞ்சுக்கூடு உள்ள நாய்களும், அவசர அவசரமாக நிறைய விழுங்கும் நாய்களுமே அதில் அதிகம் மாட்டுகின்றன. ராஜபாளையம், சிப்பிப்பாறை வளர்ப்பவர்கள் ஓடிவந்த மூச்சு அடங்கிய பிறகு, வயிறு முட்டச் சோறு தின்னாத நேரமாகப் பார்த்துக் கொடுக்கலாம்.

சூப் கட்டிகளை உறைந்ததும் மூடி போட்ட டப்பாவுக்கு மாற்றினால் ஒரு மாதம் தாங்கும். தர்பூசணி-தயிரை ஒரு வாரத்துக்குள் முடித்துவிடுங்கள், அதற்கு மேல் பனிப்பூத்து வாசனை போய்விடும். கரண்ட் நெடுநேரம் போய் முழுசாக உருகி மறுபடி உறைந்த சூப்பை மட்டும் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். கோழிக்கால் விலைக்கு அது பெரிய நஷ்டமில்லை.