பெய்ஜிங்கில் ஒரே ஒரு மாலை: ஜிங்ஜுவா, குன்ச்சுவா?

பெய்ஜிங் கிளம்புகிறவர்களிடம் "ஓபரா பார்க்காமல் வந்துவிடாதீர்கள்" என்று எல்லோரும் சொல்கிறோம். எந்த ஓபரா என்று யாரும் சொல்வதில்லை. அந்த ஊர் மேடைகளில் இரண்டு பழைய மரபுகள் உண்டு. ஒன்று, தலைநகரின் பெயரையே சுமக்கும் ஜிங்ஜு. நாம் பீக்கிங் ஓபரா என்கிறோமே, அதுதான். மற்றது, அதைவிட இருநூறு ஆண்டுகளாவது மூத்த குன்ச்சு. கையில் ஒரே ஒரு மாலைதான் இருக்கிறது என்றால், குன்ச்சுவுக்கு டிக்கெட் எடுங்கள் என்பேன். ஊரின் பெயரை வைத்துக்கொண்டிருப்பதை விட்டுவிட்டா என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது.

முதலில் ஜிங்ஜு. பேரரசர் சியான்லோங்கின் 80-வது பிறந்தநாளையொட்டி 1790-இல் அன்ஹுய் மாகாணத்துக் குழுக்கள் தலைநகருக்கு வந்தன. பின்னால் ஹுபெய் நடிகர்களும் வந்து சேர்ந்தார்கள். இரு தரப்பு மெட்டுகளும் கலந்து, 19-ஆம் நூற்றாண்டில் உருவானதே ஜிங்ஜு. சந்தைக் கூட்டத்தின் இரைச்சலுக்கு மேலே எழ வேண்டிய கலை. மேளமும் தாளத்தட்டும் காதைத் துளைக்கும். ஜிங்ஹு என்ற சின்ன இரட்டைத் தந்தி வாத்தியம், மூங்கிலும் பாம்புத் தோலும் சேர்ந்தது, கூரான குரலில் பாடகரை இழுத்துக்கொண்டு போகும்.

கண்ணுக்கு விருந்து என்றால் இதற்கு இணை கிடையாது. 'சான்சாகோவ்' நாடகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கும்மிருட்டில், ஒரு சத்திரத்து அறையில், எதிராளி எங்கே நிற்கிறான் என்று தெரியாமல் இருவர் சண்டையிடுகிறார்கள். மேடையிலோ முழு வெளிச்சம், நடுவில் ஒரே ஒரு மேஜை. ஒருவர் வீசும் வாள் மற்றவரின் மூக்கு நுனியை உரசிக்கொண்டு போகிறது, அவர் அசையவில்லை. அவருக்குத்தான் எதுவும் தெரியாதே! இருட்டை உடம்பாலேயே உண்டாக்குகிறார்கள். ஒரு வார்த்தை சீனம் தெரியாத குழந்தைகூட மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கும். குழந்தைகளோடு போகிறீர்கள் என்றால் நான் மேலே சொன்னதை மறந்துவிட்டு இதற்கே போங்கள்.

ஆனால் ஜிங்ஜு ரசிகர்கள் உயிரை விடுவது இந்தச் சண்டைக்காக அல்ல. அவர்கள் பாட்டுக்குப் போகிறவர்கள். நாடகம் 'பார்க்க' என்று சொல்லாமல் 'கேட்க' என்று சொல்வது பழைய பெய்ஜிங்வாசிகளின் வழக்கம். பெண் வேடத்தில் புகழ்பெற்ற இரு ஆண் நடிகர்கள், மெய் லான்ஃபாங் வழிப் பாணி ஒன்று, செங் யான்சியு வழிப் பாணி ஒன்று. அதே வரியை இவர் எப்படி வளைத்தார், அவர் எங்கே நிறுத்தினார் என்பதில்தான் முழு ருசியும். அரங்கம் "ஹாவ்!" (பலே!) என்று குரல் கொடுப்பது அந்த இடங்களில்தான். பெரிய பாட்டு வரும்போது நடிகர் பெரும்பாலும் நின்ற இடத்திலேயே நிற்பார். பழகாத காதுக்கு அந்த இருபது நிமிடம் வெறும் உச்சக்குரல். முதல்முறை போகிறவருக்குக் கிடைப்பது ஜிங்ஜுவின் வாசல். உள்ளறைக்குப் போக வருடங்கள் வேண்டும்.

குன்ச்சுவில் அப்படி இல்லை. சூஜோவை அடுத்த குன்ஷான் பகுதியில் பிறந்து, 16-ஆம் நூற்றாண்டில் வெய் லியாங்ஃபூ என்ற இசைக்கலைஞரின் கைபட்டு மெருகேறியது. அந்தப் பாணிக்கு 'நீர்விட்டு அரைத்த இசை' என்று பெயர். அரைக்க அரைக்க மாவு வழவழப்பாகுமே, அந்த மாதிரி. ஓர் எழுத்தைத் தலை, வயிறு, வால் என்று பிரித்து மெதுவாக இழைப்பார்கள். கூட வருவது முக்கியமாக ஒரு மூங்கில் புல்லாங்குழல். மெட்டு முன்பே வகுக்கப்பட்டது. அதற்குள் சொல்லை உட்காரவைப்பது கவிஞரின் வேலை.

எனக்குப் பெரிதாகப்படுவது வேறொன்று. இதில் பாட்டும் ஆட்டமும் பிரிவதே இல்லை. தாங் ஷியான்ஸு 1598-இல் எழுதி முடித்த 'மூடான் திங்' (பியோனிப் பூ மண்டபம்) நாடகம் 55 காட்சிகள் கொண்டது. அதில் தோட்டக் காட்சியை மட்டும் தனியே ஆடுவார்கள். வீட்டுக்குள்ளேயே வளர்ந்த தூ லினியாங், தோழியோடு முதன்முறையாகத் தோட்டத்துக்குள் வருகிறாள். மேடையில் ஒரு பூகூடக் கிடையாது. அவள் விசிறி மெல்ல விரியும்போது, தோழியின் கண் அந்தத் திசையில் திரும்பும்போது, அங்கே வசந்தம் இருக்கிறது. எந்தச் சொல் பாடப்படுகிறதோ அதைக் கை சொல்கிறது. காது தடுமாறும் இடத்தில் கண் கைகொடுக்கிறது. மேடையோரத் திரையில் ஓடும் வரிகளையும் சேர்த்துக்கொண்டால், முதல் நாளிலேயே உள்ளறை திறந்துவிடுகிறது. மெதுவானது என்ற புகார் உண்மைதான். பகலெல்லாம் பெருஞ்சுவர் ஏறிவிட்டுப் போனால் தூக்கம் வரும், அன்றைக்குப் போகாதீர்கள்.

இந்தக் கலை கிட்டத்தட்ட அழிந்து மீண்டது. அரண்மனை ஆதரவும் மக்கள் கூட்டமும் ஜிங்ஜு பக்கம் போனபின், 20-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் ஆடுவதற்கே ஆளில்லாத நிலை. 1921-இல் சூஜோவில் ஒரு பயிற்சிப் பள்ளி தொடங்கி அடுத்த தலைமுறையை உருவாக்கினார்கள். 1956-இல் ஜெஜியாங் குழு 'பதினைந்து சரம் காசு' நாடகத்தைத் தலைநகருக்குக் கொண்டுவந்தது. ஒரே நாடகம் ஒரு கலையையே காப்பாற்றிவிட்டது என்று நாளிதழ் தலையங்கமே எழுதியது. மறு ஆண்டு பெய்ஜிங்கிலேயே வடபகுதிக் குன்ச்சு நாடகக் குழு தொடங்கப்பட்டது. யுனெஸ்கோ அங்கீகாரமும் குன்ச்சுவுக்கு 2001-இல், ஜிங்ஜுவுக்கு 2010-இல்.

எதைப் பார்த்தாலும், சுற்றுலாப் பயணிகளுக்கென்று ஒரு மணி நேரத்துக்குத் துண்டு துண்டாக ஒட்டிக் காட்டுவதைத் தவிருங்கள். ஜிங்ஜு என்றால் சாங்ஆன் பேரரங்கிலோ 2007-இல் திறந்த மெய் லான்ஃபாங் பேரரங்கிலோ முழு நாடகம் பாருங்கள்.

இரண்டாவது மாலை கிடைத்தால் 'லின் சோங் இரவோட்டம்' எங்காவது போட்டிருக்கிறார்களா என்று தேடுங்கள். வேட்டையாடப்படும் வீரன் ஒருவன் தனியாக, இரவில், மலையை நோக்கி ஓடுகிறான். மேடையில் வேறு யாரும் இல்லை. பாடிக்கொண்டே குதிக்க வேண்டும், மூச்சு வாங்குவது தெரியக்கூடாது. ஆண் நடிகருக்கு இதைவிட அச்சமூட்டும் வேடம் இல்லை என்பது அங்கத்திய நாடகக்காரர் பேச்சு. இது குன்ச்சு நாடகம், ஆனால் ஜிங்ஜு நடிகர்களும் ஆடுவார்கள், அதே குன்ச்சு மெட்டிலேயே. அன்றைக்கு ஜிங்ஜு குழுவிலும் ஜிங்ஹு ஓய்ந்திருக்க, புல்லாங்குழல் ஒலிக்கும்.