எறா டேங்குக்கு ஸ்பாஞ்சா கேனிஸ்டரா, ஃபேனா சில்லரா?

ஷ்ரிம்ப் டேங்க் வைக்கப் போறவங்க முதல்ல கேக்குறது எந்த ஃபில்டர் வாங்கலாம்ங்கறதுதான், கூலிங்கோட ஞாபகமே வெயில் ஏறுனப்புறம்தான் வரும். என்னைக் கேட்டா இந்த வரிசைய அப்படியே திருப்பிப் போடணும். தண்ணிய எப்படி குளுமையா வச்சுக்கப் போறோம்னு முடிவு பண்ணிட்டா ஃபில்டர் பாதி தானா முடிவாகிடும், ஏன்னா சில்லர் (ஃப்ரிட்ஜ் மாதிரி தண்ணிய குளுத்துற மெஷின்) வைக்கணும்னா அதுக்குள்ள தண்ணிய தள்ளுறதுக்கு ஒரு பம்ப்போ கேனிஸ்டரோ (டேங்குக்கு வெளிய வைக்கிற, மோட்டார் உள்ள டப்பா ஃபில்டர்) கட்டாயம் வேணும், ஏர் பம்ப் குமிழியால ஓடுற வெறும் ஸ்பாஞ்ச் ஃபில்டர வச்சு சில்லர ஓட்டவே முடியாது.

அதுக்கும் முன்னாடி என்ன எறா வளக்குறோம்னு பாருங்க. ரெட் செர்ரி, ப்ளூ ட்ரீம் மாதிரி நியோகாரிடினா எல்லாம் 20-லருந்து 26 டிகிரி வரைக்கும் ஜாலியா இருக்கும், 28 போனாலும் சமாளிச்சுக்கும். கிரிஸ்டல் ரெட், தைவான் பீ இந்த காரிடினா கூட்டம்தான் ரோதனை, 20-லருந்து 24-க்குள்ள வச்சிருந்தாதான் நல்லா முட்டை போடும், 26 தாண்டுனா குஞ்சு பொழைக்கிறது குறைய ஆரம்பிக்கும், 28-ல நிக்க விட்டா பெருசும் சாகும். சுலவேசி எறா வளக்குறவங்க இந்த கூலிங் கதைய அப்படியே தாண்டிப் போயிடலாம், அதுக்கு வேண்டியதே 27-லருந்து 30 டிகிரிதான்.

சூடு ஏறுனா நடக்குறது ரெண்டு. 20 டிகிரி தண்ணில லிட்டருக்கு 9.1 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும், 30 டிகிரில அது 7.6-க்கு வந்துடும். அதே நேரத்துல எறாவுக்கும், ஃபில்டர்ல கழிவ சிதைக்கிற பாக்டீரியாவுக்கும் ஆக்சிஜன் தேவை ஏறிட்டே போகும், அதாவது வரவு குறையும்போதுதான் செலவு கூடும். அதனால தண்ணி மேல்மட்டத்த அசைச்சுக்கிட்டே இருக்குற ஃபில்டர் கூலிங்ல சேராட்டியும் வெயில் நேரத்துல உயிர காப்பாத்தும்.

சரி, ஃபேன். தண்ணிக்கு மேல ஒரு 12 வோல்ட் கம்ப்யூட்டர் ஃபேன சாய்வா வச்சு காத்து மேல்மட்டத்த உரசிட்டு போற மாதிரி விட்டா போதும், வேர்வை காயும்போது உடம்பு சில்லுனு ஆகுற அதே கதைதான். சாதாரணமா 2-லருந்து 4 டிகிரி குறையும். ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் ஆவியாச்சுன்னா கிட்டத்தட்ட 28 வாட் சூட்ட நாள் பூரா வெளிய எடுத்த கணக்கு, ஃபேன் தின்ற கரண்ட் அதுல பத்துல ஒரு பங்கு கூட இருக்காது, இந்த கணக்குல வேற எதுவும் அதுகிட்ட வர முடியாது.

ஆனா காத்துல ஈரம் எவ்வளவுங்கறதுதான் இதோட எல்லைய தீர்மானிக்கும். ரூம் 32 டிகிரி, ஈரப்பதம் 50 சதவீதம்னா ஃபேன் எவ்வளவு வேகமா சுத்துனாலும் 24-க்கு கீழ இறக்க முடியாது, அதே 32-ல ஈரப்பதம் 80 ஆச்சுன்னா 29-தான் அடிமட்டம். அது தியரி, நிஜத்துல அந்த எல்லைக்கு ஒன்னு ரெண்டு டிகிரி மேலயே நின்னுடும். அதனால பக்கத்து வீட்டுக்காரருக்கு ஃபேன் சூப்பரா வேலை செஞ்சுதுன்னு கேட்டு வாங்காதீங்க, பத்து நாள் ஈரப்பதத்த பாத்துட்டு வாங்குங்க.

இன்னொரு தொல்லை டாப் அப். ஆவியாகுறது தண்ணி மட்டும்தான், உப்பு எல்லாம் உள்ளேயே தங்கிடும். 40 லிட்டர் டேங்க்ல தினம் ஒரு லிட்டர் குறையுது, நீங்க 200 டிடிஎஸ் (தண்ணில கரைஞ்ச உப்போட அளவு) குழாத்தண்ணிய ஊத்துறீங்கன்னா டேங்க்ல டிடிஎஸ் வாரத்துக்கு 35 ஏறும், மாசத்துல ஏறுனது மட்டும் 150 ஆயிடும், அப்புறம் எறா தோலுரிக்கிறப்ப செத்துக் கெடந்தா காரணம் தேடி அலைய வேண்டியதுதான். ஆர்ஓ தண்ணி மட்டும்தான் டாப் அப்புக்கு. மூடியும் திறந்து இருக்கணும்ங்கறதால வலை போட்டுக்கங்க.

பெல்டியர் கூலர் (கரண்ட் விட்டா ஒரு பக்கம் குளுந்து மறுபக்கம் சூடாகுற சின்ன தகடு) பத்தி ரொம்ப பேச ஒன்னுமில்ல. சத்தமில்லாம சின்னதா அழகா இருக்கும், ஆனா ஒரு வாட் சூட்ட வெளிய எடுக்க பொதுவா ஒரு வாட்டுக்கு மேலேயே கரண்ட் கேக்கும். 10, 15 லிட்டர் டேங்க்ல ரெண்டு டிகிரி குறைக்கணும்னா ஓகே, அதுக்கு மேல ஆசைப்படாதீங்க.

கம்ப்ரெசர் சில்லர்தான் கணக்கா சொன்ன டிகிரில நிறுத்தும், காத்து ஈரமா இருந்தாலும் காஞ்சு இருந்தாலும் அதுக்கு கவலையில்ல. வாங்குறப்ப கட்டாயம் பாக்க வேண்டியது உள்ள தண்ணி படுற காயில் டைட்டானியமா இல்லையாங்கறது, காப்பர் காயில் இருந்தா எறா டேங்க் பக்கமே கொண்டு வராதீங்க, காப்பர் எறாவுக்கு விஷம். அடுத்தது அது எடுத்த சூட்ட எங்கயாவது கொட்டணும், டேங்குக்கு கீழ மூடுன கபோர்டுக்குள்ள தள்ளி வச்சீங்கன்னா தன்னோட சூட்டுக் காத்தையே திரும்ப உறிஞ்சிக்கிட்டு ஓயாம ஓடும், தண்ணி குறையவே குறையாது. ரூம் 34-ல இருக்கும்போது 21-ல செட் பண்றதும் வீண், 24-ல வச்சு ஒரே சீரா நிறுத்துனா காரிடினாவுக்கு அதுவே போதும். சத்தம்? பழைய ஃப்ரிட்ஜ் அளவுக்கு இருக்கும்னு வச்சுக்கங்க, பெட்ரூம்ல வேணாம்.

இப்ப ஃபில்டருக்கு வரலாம். தனியா பாத்தா ஸ்பாஞ்சுக்குத்தான் என் ஓட்டு. பொறந்த குஞ்சு 2 மில்லிமீட்டர்தான் இருக்கும், ஸ்பாஞ்ச் அத உறிஞ்சாது, ஒட்டி நின்னு பாருங்க, ஸ்பாஞ்ச் மேல படிஞ்ச பயோஃபிலிம்ம (நுண்ணுயிர்ப் படலம்) பொடிப்பொடியா உக்காந்து ரெண்டு கையாலயும் மாத்தி மாத்தி வாய்க்கு அள்ளிக்கிட்டே இருக்கும், ஃபில்டரே அதுங்களுக்கு சாப்பாட்டு மேடை. ஏர் பம்ப் மோட்டார் வெளிய இருக்கறதால அதோட சூடு தண்ணில இறங்காது. கேனிஸ்டர், இன்டர்னல் ஃபில்டர் இதுங்க மோட்டார் சூடு பூரா தண்ணிக்குத்தான் போகும், 10 வாட் பம்ப்னா 10 வாட் ஹீட்டர் போட்ட மாதிரி, அத திரும்ப எடுக்க கூலிங்குக்கு எக்ஸ்ட்ரா வேலை. ஸ்பாஞ்ச கழுவுறப்ப டேங்க் தண்ணி எடுத்த பக்கெட்ல வச்சு பிழிஞ்சு, அந்த அழுக்குத் தண்ணிய ஊத்துறதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் விட்டுப் பாருங்க, குஞ்சு நாலாவது நீந்தும்.

ஸ்பாஞ்சோட குறை, தண்ணில மெதக்குற தூசிய சுத்தமா எடுக்காது, கண்ணாடி மாதிரி தண்ணி வேணும்ங்கறவங்களுக்கு பிடிக்காது. பின்னாடி தொங்குற ஹேங் ஆன் பேக் அதுல நல்லா இருக்கும், ஆனா உறிஞ்சுற குழாய்க்கு ப்ரீ ஃபில்டர் ஸ்பாஞ்ச் மாட்டலேன்னா குஞ்சு எல்லாம் பெட்டிக்குள்ள போயிடும். மண்ணுக்கு அடியில போடுற அண்டர்கிராவல் ப்ளேட்ட சில காரிடினா ப்ரீடர்ஸ் விடவே மாட்டாங்க, தண்ணி நல்லாத்தான் இருக்கும், ஆனா ஆக்டிவ் சாயில் வழியா ஓயாம தண்ணி போறதால அதோட பிஎச் இறக்குற சக்தி சீக்கிரம் தீந்துடும், அப்புறம் டேங்க்க பூராவும் பிரிக்கணும்.

கேனிஸ்டர் சில்லரோட சேர்ந்து வந்தா மட்டும்தான் எனக்கு அர்த்தம் தெரியுது. ரெண்டையும் ஒரே லைன்ல போட்டுக்கலாம், குழாய் வாயில சல்லடை போடுறத விட பெரிய ப்ரீ ஃபில்டர் ஸ்பாஞ்ச் போடுங்க, சல்லடை சீக்கிரம் அடைச்சுக்கும், ஓட்டம் குறைஞ்சா சில்லர் சொன்ன டிகிரிக்கு வராது, தப்பு சில்லர் மேல இல்லாமலேயே சர்வீஸுக்கு தூக்கிட்டு அலைவோம். சில்லர் கேக்குற ஃப்ளோ ரேட்டுக்கு ஏத்த கேனிஸ்டரா பாத்து எடுங்க, சின்ன டேங்க்ல தண்ணி சுழட்டி அடிக்காம இருக்க ஸ்ப்ரே பார் (வரிசையா ஓட்டை போட்ட குழாய்) போட்டு வேகத்த உடச்சு விடலாம்.

ஆக நியோகாரிடினாவா, ரெண்டு ஸ்பாஞ்ச், ஒரு ஃபேன், அத 26-ல ஆன் பண்ணி 25-ல ஆஃப் பண்ற ஒரு கன்ட்ரோலர், முடிஞ்சுது. காஞ்ச காத்து உள்ள இடத்துல கன்ட்ரோலர 24-க்கு இறக்கிட்டா காரிடினாவுக்கும் இதுவே ஓடும். ஈரக்காத்துல காரிடினான்னா சில்லர், கேனிஸ்டர், கூடவே ஒரு சின்ன ஸ்பாஞ்ச். நாலஞ்சு டேங்க் ஆயிடுச்சுன்னா ஒவ்வொன்னுக்கும் சில்லர் பாக்காம ரூமுக்கே ஏசி போட்டுட்டு ஒரே ஏர் பம்ப்ல எல்லா ஸ்பாஞ்சையும் ஓட்டிடுங்க. ஐஸ் பாட்டில் போடுறது அவசரத்துக்கு மட்டும், தினம் போட்டா காலைல ஒரு டிகிரி மத்தியானம் ஒரு டிகிரின்னு ஆடும், எறாவுக்கு அந்த ஆட்டம் ஆகாது.

சில்லர் செட்டப்ல எதுக்கு அந்த சின்ன ஸ்பாஞ்சுன்னு கேப்பீங்க. கரண்ட் போச்சுன்னா சில்லரும் கேனிஸ்டரும் ஒன்னா நிக்கும், கேனிஸ்டருக்குள்ள அடைபட்ட தண்ணில ஆக்சிஜன் தீந்து சில மணி நேரத்துல பாக்டீரியா சாக ஆரம்பிக்கும், திரும்ப கரண்ட் வந்ததும் அந்த நாத்தத் தண்ணிய அப்படியே டேங்க்ல கொட்டும். பேட்டரி ஏர் பம்ப் ஒன்னு ஸ்பாஞ்ச்ல மாட்டியிருந்தா அது பாட்டுக்கு ஓடிட்டு இருக்கும். ரொம்ப நேரம் கரண்ட் இல்லேன்னா கேனிஸ்டர உடனே ஓட விடாதீங்க, திறந்து உள்ள தண்ணிய கொட்டி, மீடியாவ (பாக்டீரியா தங்குற உள் பொருள்) டேங்க் தண்ணில அலசிட்டு மாட்டுங்க.