இபி-2 வரிசையா, இபி-3 வரிசையா? இந்தியாவில் பிறந்தவர்களுக்கு ஓர் அலசல்

நியூஜெர்சியில் ஏதோ ஒரு பொங்கல் விழா. சாப்பாட்டுத் தட்டோடு நிற்கும் இரண்டு பேர் அறிமுகமாகிறார்கள். சொந்த ஊர், கம்பெனி எல்லாம் விசாரித்து முடித்த மூன்றாவது நிமிடம் கேள்வி வந்துவிடும்: "உங்க டேட் என்ன? டூவா, த்ரீயா?"

டேட் என்பது பிரையாரிட்டி டேட். அமெரிக்க கிரீன் கார்டு வரிசையில் நீங்கள் எந்த நாளில் வந்து நின்றீர்கள் என்பதற்கான டோக்கன். வேலை வழியாக வருபவர்களில் பெரும்பாலானோருக்கு, முதலாளி தொழிலாளர் துறையிடம் பெர்ம் விண்ணப்பம் (இந்த வேலைக்கு உள்ளூரில் தகுதியான ஆள் கிடைக்கவில்லை என்று சான்று கேட்பது) போட்ட நாள்தான் அது. டூ, த்ரீ என்பவை வேலைவழி கிரீன் கார்டின் இபி-2, இபி-3 வரிசைகள். ஒவ்வொரு மாதமும் வெளியுறவுத் துறை விசா புல்லட்டின் வெளியிட்டு, எந்த வரிசையில் எந்தத் தேதிவரை கூப்பிடுகிறார்கள் என்று சொல்லும். உங்கள் டோக்கன் தேதி அதற்கு முந்தையதாக இருந்தால் உங்கள் முறை வந்துவிட்டது.

இபி-2 உயர்கல்வி கேட்கும் வேலைகளுக்கு. முதுகலைப் பட்டம், அல்லது இளங்கலைப் பட்டமும் அதன் பிறகு ஐந்து வருட அனுபவமும் வேண்டும். இபி-3க்கு இளங்கலைப் பட்டமோ, இரண்டு வருட அனுபவம் கேட்கும் வேலையோ போதும். இங்கே பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு: பார்க்கப்படுவது உங்கள் படிப்பு மட்டும் இல்லை, அந்த வேலைக்கு என்ன படிப்பு தேவை என்று பெர்மில் எழுதியிருக்கிறார்கள் என்பதும்தான். நீங்கள் எம்.டெக். முடித்திருக்கலாம். வேலைக்கு பி.இ. போதும் என்று எழுதியிருந்தால் இபி-3தான். இன்னொன்று, நம்மூர் மூன்று வருட பி.எஸ்சி., பி.காம். பட்டங்கள். அமெரிக்காவின் நான்கு வருடப் பட்டத்துக்குச் சமமாகத் தனியாக அவற்றை ஏற்கவைப்பது கஷ்டம். அதனால் பி.எஸ்சி.யும் ஐந்து வருட அனுபவமும் வைத்துக்கொண்டு இபி-2 கேட்டால் பெரும்பாலும் சிக்கல்.

பெரிய படிப்புக்கான வரிசை வேகமாக நகரும் என்றுதான் யாருக்கும் தோன்றும். கணக்கைப் பார்த்தால் அப்படி இல்லை. 1990ஆம் ஆண்டுச் சட்டப்படி வேலைவழி கிரீன் கார்டு வருடத்துக்குக் குறைந்தது 1,40,000. அதில் இபி-2க்கு 28.6 சதவீதம், இபி-3க்கும் அதே 28.6 சதவீதம். அதாவது ஒவ்வொன்றுக்கும் சுமார் 40,000. ஒரே நாட்டில் பிறந்தவர்களுக்கு 7 சதவீதத்துக்கு மேல் தரக்கூடாது என்று ஒரு வரம்பும் உண்டு. ஒரு வரிசைக்குள் அது ஏறக்குறைய 2,800. மனைவி, பிள்ளைகளும் இதே எண்ணிக்கைக்குள்தான் அடங்குவார்கள். நான்கு பேர் கொண்ட குடும்பம் என்று வைத்துக்கொண்டால் வருடத்துக்கு 700 குடும்பம்! இந்தியாவுக்கும் இதே 2,800, ஐஸ்லாந்துக்கும் இதே 2,800.

அப்படியென்றால் இந்திய வரிசை நகர்வதே மிச்சம் விழுவதை நம்பித்தான். இரண்டு வரிசைகளுக்கும் உண்மையான வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது. இவற்றுக்கு மேலே இபி-1 என்று ஒரு வரிசை உண்டு, அபாரத் திறமைசாலிகள், பன்னாட்டு நிறுவன மேலாளர்கள் போன்றோருக்கு. அதில் செலவாகாத எண்கள் இபி-2க்கு வழியும். இபி-2இல் மீந்தால் மட்டுமே இபி-3க்கு. சாப்பாட்டுப் பந்தி மாதிரிதான். மேலே உட்கார்ந்தவர்கள் எழுந்தால்தான் அடுத்தவருக்கு இலை. அதோடு, ஒரே வரிசைக்குள் மற்ற நாட்டுக்காரர்கள் குறைவாகக் கேட்டாலும் மிச்சம், காத்திருப்பவர்களில் பழைய தேதிக்காரருக்குப் போகும். மேலே இருந்து வரும் வழிசல் இபி-2க்கு வாய்ப்பு என்றால், பக்கத்து ஊர்க்காரர்கள் வராமல் போவது இபி-3க்கு வாய்ப்பு.

இந்த மிச்சம் எப்படிக் கூடிக் குறைந்தது என்று பார்த்தால் தலை சுற்றும். கொரோனா காலத்தில் தூதரகங்கள் மூடிக் கிடந்ததால் குடும்பவழி விசாக்கள் செலவாகவில்லை. அவை அடுத்த வருடம் வேலைவழிக்கு வந்து சேர்ந்தன. 2021 நிதியாண்டில் 2,62,000க்கு மேல், 2022இல் 2,81,000க்கு மேல். இந்த எதிர்பார்ப்பில் 2020 அக்டோபர் புல்லட்டினில், விண்ணப்பம் போடுவதற்கான பட்டியலில் (கார்டு கொடுப்பதற்கான தேதிகளுக்குத் தனிப் பட்டியல் உண்டு), இந்திய இபி-3 ஒரேயடியாக 2015 ஜனவரிக்குத் தாவியது. இபி-2 அப்போது 2011 மே மாதத்தில் நின்றது. ஊரே இபி-3க்கு ஓடியது. "டவுன்கிரேட் போட்டாச்சா?" என்பதுதான் அன்றைய வணக்கம்.

2022இல் அப்படியே தலைகீழ். இபி-1இல் மீந்த எண்கள் கொட்டியதில் இந்திய இபி-2 அந்த செப்டம்பரில் 2014 டிசம்பரைத் தொட்டது. இபி-3 2012 பிப்ரவரியிலேயே நின்றது. இறங்கியவர்கள் திரும்ப இபி-2க்கு மாற்றக் கேட்டு எழுத ஆரம்பித்தார்கள். அப்புறம் சரிவு. 2022 டிசம்பரில் இபி-2இல் மற்ற நாட்டுக்காரர்களுக்கே கட்ஆஃப் தேதி வந்துவிட்டதால் மிச்சம் என்பதே இல்லாமல் போனது. 2023 ஏப்ரலில் இந்திய இபி-2 2011 ஜனவரிக்கும், ஜூலையில் இபி-3 2009 ஜனவரிக்கும் பின்வாங்கின. 2025 அக்டோபர் நிலவரம்: இபி-2 2013 ஏப்ரல் 1, இபி-3 2013 ஆகஸ்ட் 22. பன்னிரண்டு வருடக் காத்திருப்பில் வித்தியாசம் ஐந்து மாதத்துக்கும் குறைவு.

அப்போ டவுன்கிரேட் வீணா? இல்லை. 2013 ஆகஸ்ட் தேதி வைத்திருந்த இருவரை நினைத்துக்கொள்வோம். ஒருவர் 2020இல் இபி-3க்கு இறங்கி, கிரீன் கார்டுக்கான கடைசிக் கட்ட விண்ணப்பமான ஐ-485 போட்டார். இன்னொருவர் "நான் மாஸ்டர்ஸ்" என்ற வீம்பில் இபி-2இலேயே இருந்தார். முதலாமவருக்கு கிரீன் கார்டு உடனே வரவில்லைதான். ஆனால் குடும்பம் முழுவதற்கும் வேலை அனுமதி அட்டையும் பயண அனுமதியும் வந்தன. 180 நாள் கழிந்ததும் அதே மாதிரி வேலைக்கு கம்பெனி மாறவும் முடிந்தது. இரண்டாமவர் இதற்கெல்லாம் 2022வரை எச்-1பி என்ற தற்காலிக வேலை விசாக் கயிற்றில் தொங்க வேண்டியிருந்தது. கதவு திறந்திருக்கும் மாதத்தில் உள்ளே கால் வைத்தவருக்குத்தான் லாபம்.

கதவு எத்தனை நாள் திறந்திருக்கும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. 2007 ஜூலை புல்லட்டினில் வேலைவழி வரிசைகள் ஏறக்குறைய எல்லாவற்றையும் திறந்துவிட்டு, ஜூலை 2ஆம் தேதி எண்கள் தீர்ந்துவிட்டதாகச் சொல்லி மூடினார்கள். காத்திருந்த இந்தியர்கள் காந்தி பாணியில் குடியேற்றத் துறை இயக்குநருக்குப் பூங்கொத்துகளாக அனுப்பினார்கள். அவர் அவற்றை வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனைக்கு அனுப்பிவைத்தார். ஜூலை 17ஆம் தேதி முடிவு மாறி, ஆகஸ்ட் 17வரை விண்ணப்பங்களை வாங்கிக்கொண்டார்கள்.

என் கருத்து இதுதான். வேலை இபி-2 தரத்துக்கு எழுதக்கூடியது என்றால் இபி-2 பெர்ம் போடச் சொல்லுங்கள். அதை வைத்தே பிறகு இபி-3 ஐ-140யும் (பெர்முக்கு அடுத்து முதலாளி உங்களுக்காகப் போடும் குடியேற்ற மனு) போட முடியும். மேலிருந்து கீழே இறங்க அதே பெர்ம் போதும். கீழிருந்து மேலே ஏறப் புது பெர்ம் வேண்டும். பெர்ம் செலவை முதலாளிதான் ஏற்கவேண்டும் என்பது விதி, அதை உங்கள் தலையில் கட்டப் பார்த்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள். வக்கீல் செலவுக்குக் கையில் காசிருந்தால் இரண்டு ஐ-140யும் அப்ரூவல் வாங்கி வைத்துக்கொள்வதுதான் நிம்மதி. ஆனால் 2020க்குப் பிந்தைய தேதி உள்ளவர்கள் மாதாமாதம் புல்லட்டினைப் பார்த்து ரத்தக் கொதிப்பை ஏற்றிக்கொள்வதில் அர்த்தமில்லை. அவர்களுக்குத் தேவையானது ஏதோ ஒரு ஐ-140 அப்ரூவல். ஆறு வருடம் தாண்டிய எச்-1பி நீட்டிப்பும், எச்-4 குடும்ப விசாவில் இருக்கும் துணைக்கு வேலை அனுமதியும் எந்த வரிசையில் நின்றாலும் அதை வைத்தே கிடைக்கும்.

அதைவிடப் பெரிய விஷயம், டோக்கன் வரிசைக்குச் சொந்தமில்லை, உங்களுக்குச் சொந்தம். ஐ-140 அப்ரூவ் ஆகி, மோசடி மாதிரி காரணத்துக்காக ரத்தாகாதவரை, கம்பெனி மாறினாலும் பழைய தேதி கூடவே வரும். இபி-1க்கு ஏறினாலும் வரும். 2025 அக்டோபரில் இந்திய இபி-1 2022 பிப்ரவரியில் நின்றது. 2015 தேதியோடு இபி-3இல் நிற்பவர், இந்தியக் கிளையில் மேலாளராக இருந்துவிட்டு வந்து இபி-1 வாங்கினால், அதே நாளில் முறை வந்துவிடும். டூவா த்ரீயா என்று சண்டை போடும் நேரத்தில் இந்தக் கதவைத் தட்டிப் பார்க்கலாம்.

"அக்கா அமெரிக்க சிட்டிசன், அவங்க போடட்டுமே" என்பவர்களுக்கு: உடன்பிறந்தோர் வரிசையான எஃப்-4இல் இந்தியாவுக்கு அதே அக்டோபரில் ஓடிய தேதி 2006 நவம்பர். போட்டு வைப்பதில் தப்பில்லை. ஆனால் அதற்குள் பிள்ளைகள் 21 வயதைத் தாண்டி, உங்களோடு சேர்ந்து வரும் தகுதியை இழந்துவிடலாம். பிறகு டூரிஸ்ட் விசா கேட்கும்போது, குடியேற்ற மனு போடப்பட்டிருக்கிறதா என்ற கேள்விக்கு ஆமாம் என்றுதான் பதில் எழுதவேண்டும்.

கடைசியாக, பலர் பார்க்காமல் விடும் ஒன்று. நாட்டுக் கணக்கு பாஸ்போர்ட்டைப் பார்ப்பதில்லை, பிறந்த இடத்தைப் பார்க்கிறது. கனடா குடியுரிமை வாங்கினாலும் மதுரையில் பிறந்தவர் இந்திய வரிசைதான். ஆனால் துணை கொழும்பிலோ சிங்கப்பூரிலோ பிறந்திருந்தால், அவர் பிறந்த நாட்டுக் கணக்கில் இருவருமே போகலாம். பிள்ளை பிறந்த இடம் பெற்றோருக்கு உதவாது. அப்பா குவைத்தில் வேலை பார்த்த நம் வீடுகளில், தலைப்பிரசவத்துக்கு அம்மா திருச்சி போயிருப்பார், இரண்டாவது அங்கேயே பிறந்திருக்கும். இருவரும் ஒரே கல்லூரி, ஒரே எம்.எஸ்., ஒரே மாதம் பெர்ம். தம்பியின் வரிசை குவைத் கணக்கில் போய்க்கொண்டிருக்க, அண்ணன் இந்திய வரிசையில் நின்றுகொண்டு, மனைவியின் பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பார்ப்பார். அதில் தஞ்சாவூர் என்று இருக்கும்.