பாதியில் பிரிவு மாற நினைப்பவர்களுக்கு: ஐஐடி மெட்ராஸ் பிஎஸ் குவாலிஃபையர் எப்படி இருக்கிறது?

ஐஐடி மெட்ராஸ் ஆன்லைனில் நடத்தும் டேட்டா சயின்ஸ் பிஎஸ் என்ற பட்டப்படிப்பில் சேர ஜேஇஇ நுழைவுத் தேர்வு வேண்டாம். விண்ணப்பித்ததும் நான்கு வாரம் பாடம் நடத்துவார்கள். வாரா வாரம் அசைன்மென்ட் இருக்கும். அதில் போதுமான மார்க் வாங்கினால் நேரில் போய் ஒரு தேர்வு எழுத வேண்டும். இதைத்தான் குவாலிஃபையர் என்கிறார்கள். சேர்வதற்கான வாசல் என்றுதான் எல்லாரும் இதைப் பார்க்கிறார்கள். இன்ஜினியரிங் இரண்டாம் வருஷத்தில் வந்து "தப்பான குரூப்ல மாட்டிக்கிட்டேனோ" என்று தவிக்கும் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல பரிசோதனை எனக்குத் தெரிந்து வேறு இல்லை. அந்தக் கோணத்தில்தான் இந்த விமர்சனம்.

என் தம்பி மெக்கானிக்கல். மூன்றாவது செமஸ்டர் பாதியில், "அக்கா, எனக்கு இது வரல. கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு மாத்தி விடுங்க, இல்லாட்டி நின்னுடறேன்" என்று வந்து நின்றான். அப்பா மளிகைக் கடை வைத்திருக்கிறார், அவருக்கு ஒன்றும் ஓடவில்லை. கல்லூரி ஆபீஸில் கேட்டால், டிசி வேண்டுமானால் மீதி வருஷங்களின் கட்டணத்தையும் கட்டிவிட்டு வாங்கிப் போங்கள் என்றார்கள். ஒரு கவுன்சலிங் சென்டரில் கம்ப்யூட்டரில் ஒரு மணி நேரம் கேள்வி கேட்டு, கலர் கலராக ரிப்போர்ட் கொடுத்தார்கள். அதில் அவனுக்கு இன்ஜினியரிங், மேனேஜ்மென்ட், டிசைன் எல்லாமே ஒத்துவரும் என்று போட்டிருந்தது. எல்லாமே ஒத்துவரும் என்று சொல்ல அவ்வளவு பணம் எதற்கு?

நின்றுவிட்டால் என்ன ஆகும் என்று உட்கார்ந்து கணக்குப் போட்டேன். மறுபடி டிஎன்இஏ (தமிழ்நாடு பொறியியல் சேர்க்கை) கவுன்சலிங் என்றாலும் அதே பிளஸ் டூ மார்க்தான். கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50, ஆக 200-க்குக் கட்-ஆஃப். அது ஒரு வருஷம் கல்லூரியில் இருந்ததால் கூடிவிடாது. போன முறை கிடைக்காத கம்ப்யூட்டர் சீட், புது பேட்ச் பிள்ளைகளோடு போட்டி போடும்போது கிடைத்துவிடும் என்று நம்ப எனக்குத் தைரியம் வரவில்லை. கிடைத்தாலும் முதல் வருஷத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

அதனால் அவனிடம், "நிக்கறதுக்கு முன்னாடி நாலு வாரம் இதைப் படி. அப்புறம் பேசலாம்" என்றேன்.

நான்கு பாடங்கள்: கணிதம், புள்ளியியல், ஆங்கிலம், கம்ப்யூடேஷனல் திங்கிங். நான் கணக்கு டீச்சர் என்பதால் நானும் கூட உட்கார்ந்து பார்த்தேன். உஷா மோகன் நடத்தும் புள்ளியியலில் அவசரமே கிடையாது. எந்தத் தகவலை எண்ணாகச் சொல்ல முடியும், எதை வகை பிரிக்க மட்டுமே முடியும் என்பதிலிருந்து தொடங்குகிறார். என் வகுப்பில் அந்த வரிசையை அப்படியே எடுத்துக்கொண்டேன்.

கம்ப்யூடேஷனல் திங்கிங்தான் இதன் உயிர். மாதவன் முகுந்தும் ஜி. வெங்கடேஷும் மேஜையில் அட்டைக் கட்டுகளை வைத்துக்கொண்டு உட்கார்கிறார்கள். ஒரு கட்டில் மாணவர் மார்க், இன்னொன்றில் கடை பில். எடுத்துக்கொண்ட கட்டுதான் முதல் குவியல். அதிலிருந்து ஓர் அட்டையை எடுத்து, பார்த்து, இரண்டாவது குவியலில் வைக்க வேண்டும். ஒரு வரி புரோகிராம் எழுதுவதற்கு முன்பே புரோகிராம் எப்படி யோசிக்கும் என்பது கைக்கு வந்துவிடுகிறது.

தம்பி அப்பாவின் பில் புக்கை எடுத்து வந்து தரையில் பரப்பினான். பெரிய பில் எது என்று கண்டுபிடிக்கும் படிகளை எழுதினான்: பெரியது ஜீரோ என்று தொடங்கு, பில்லை எடு, அதைவிடப் பெரியதாக இருந்தால் மாற்று. சரியாக வந்தது. அதையே திருப்பிப் போட்டு, சிறிய பில்லைத் தேடினான். எத்தனை முறை ஓட்டினாலும் விடை ஜீரோ. எனக்கு உடனே தெரிந்துவிட்டது, சொல்லவில்லை. சாப்பிடக் கூப்பிட்டும் வரவில்லை. ராத்திரி வந்து எழுப்பினான். "அக்கா, ஜீரோவுல ஆரம்பிச்சதுதான் சிக்கல். எந்த பில்லும் ஜீரோவுக்குக் கீழ போகாதே! முதல் பில்லையே சின்னதுன்னு வச்சுக்கிட்டு ஆரம்பிக்கணும்." வொர்க்‌ஷாப் ரெக்கார்டை நோட்டைப் பார்த்து நகலெடுக்கும் பையனிடம் இந்த முகத்தை நான் பார்த்ததில்லை. அந்த ரிப்போர்ட்டில் இல்லாத பதில் எனக்கு அங்கேதான் கிடைத்தது.

கடைசித் தேர்வு நான்கு பாடத்துக்கும் சேர்த்து ஒரே அமர்வில் நான்கு மணி நேரம். வீட்டிலிருந்து எழுதுவது இல்லை, மையத்துக்குத்தான் போக வேண்டும். இந்தப் படிப்பை நான் நம்புவதற்கு அதுவும் ஒரு காரணம். தம்பி தேறிவிட்டான்.

இனி யாருக்கு இது சரிவராது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பாடம் ஆங்கிலத்தில் நடப்பதால் தமிழ் வழியில் படித்த பிள்ளைக்குப் பக்கத்தில் ஒருவர் இருந்தால் நல்லது. சட்டம், காமர்ஸ், இலக்கியம் என்று மாற நினைப்பவருக்கு இந்த நான்கு வாரம் எதையும் காட்டாது. அவர்கள் மத்திய அரசின் ஸ்வயம் இணையதளத்தில் அந்தந்தப் பாடத்தை இலவசமாகப் படித்துப் பார்க்கலாம். சிலருக்குப் பாடம் பிடித்தே இருக்கும், ஹாஸ்டலோ வகுப்போ கல்லூரியோதான் தாங்க முடியாமல் இருக்கும். அந்தப் பிள்ளைக்கு இன்னொரு பாடத்தைக் கொடுப்பது கொடுமை. முதலில் அவன் சொல்வதைக் கேளுங்கள், கல்லூரி மாற்றத்தைத் தனியாக விசாரியுங்கள்.

தம்பி இப்போது மெக்கானிக்கலை விடவில்லை. ஒரே சமயத்தில் இரண்டு பட்டம் படிக்க யுஜிசி 2022-ல் வழி திறந்துவிட்டது. பிஎஸ்ஸில் ஃபவுண்டேஷன், டிப்ளமோ, பிஎஸ்சி, பிஎஸ் என்று படிகள் உண்டு, எந்தப் படியிலும் அதற்கான சான்றிதழோடு இறங்கிக்கொள்ளலாம். வருஷத்துக்கு மூன்று டெர்ம், எடுக்கும் பாடத்துக்கு மட்டும் பணம். இடஒதுக்கீட்டுப் பிரிவையும் வருமானத்தையும் பொறுத்துச் சலுகை உண்டு. மெக்கானிக்கலில் இருக்கும் அரியர் முடியும்வரை டெர்முக்கு இரண்டு பாடத்துக்கு மேல் எடுக்காதே என்று சொல்லியிருக்கிறேன். மெக்கானிக்கலும் டேட்டாவும் சேரும் இடத்தில் வேலை தேடலாம் என்கிறான், பார்க்கலாம்.

ஐந்துக்கு நாலரை தருவேன். அரை மார்க்கைப் பிடித்துவைத்தது மொழிக்காக. விண்ணப்பிக்கும் முன் உங்கள் செமஸ்டர் தேர்வுத் தேதியையும் குவாலிஃபையர் தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.