லாக் கோப்பைக் கண்முன் ஓடவிட: சிறிய எஃப்பா, பெரிய எஃப்பா, லெஸ்ஸா?

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தின் சர்வர்களைக் கவனித்துக்கொள்ளும் எனக்கு, சரக்கு கப்பலேறும் வாரங்களில் பார்கோடு செயலி தன் நிகழ்வுகளையும் பிழைகளையும் எழுதிவைக்கும் லாக் கோப்பை இரவு முழுவதும் பார்த்துக்கொண்டிருக்கும் வேலை உண்டு. அதற்கு, கோப்பின் கடைசி வரிகளைக் காட்டும் லினக்ஸின் 'டெய்ல்' கட்டளையைச் சிறிய எஃப்புடனோ (-f) பெரிய எஃப்புடனோ (-F) கொடுக்கலாம். கோப்பைப் பக்கம் பக்கமாகப் படிக்க உதவும் 'லெஸ்' நிரலை +எஃப் (+F) சேர்த்தும் திறக்கலாம். நான் டெய்லின் பெரிய எஃப் கட்சி.

கடைசிப் பத்து வரிகளைக் காட்டிவிட்டுப் புதியவற்றைத் தொடர்வதில் டெய்லின் இரு வடிவங்களும் ஒன்றே. லாக் கோப்புகளை அவ்வப்போது மாற்றிவைக்கும் லாக்ரொட்டேட் நிரல் ஓடும்போதுதான் சாயம் வெளுக்கிறது. அது பழைய கோப்பின் பெயரோடு .1 சேர்த்து ஒதுக்கிவிட்டு, முதற்பெயரிலேயே வெற்றுக் கோப்பொன்றைத் திறக்கிறது. சிறிய எஃப்போ பெயரைப் பார்ப்பதில்லை. தொடக்கத்தில் திறந்த கோப்பையே விடாமல் பிடித்துக்கொள்கிறது. பேக்கிங் பிரிவில் நிரம்பிய பதிவேட்டைப் பரணில் போட்டுவிட்டுப் புதியதில் எழுதத் தொடங்கிய பிறகும், ஒருவர் பரணிலேறிப் பழையதை உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பதைப் போன்றது அது. ஓர் இரவு, பன்னிரண்டு மணிக்குப் பிறகு திரை அசையாதிருந்ததைப் பிழையின்மை என்று எண்ணி டீக்கடைக்குப் போனேன். விடியற்காலையில் பேக்கிங்கிலிருந்து அழைப்பு வந்தபோதுதான், தரவுத்தள இணைப்புப் பிழை புதிய கோப்பில் வரிவரியாகக் குவிந்து கிடந்தது தெரிந்தது.

பெரிய எஃப் பெயரைப் பின்தொடர்கிறது. கோப்பு மறைந்தாலும் மீண்டும் தோன்றும்வரை காத்திருந்து, மாற்றத்தை ஒரு வரியில் அறிவித்துவிட்டுப் புதியதைக் காட்டுகிறது. லாக்ரொட்டேட்டின் காப்பிட்ரங்கேட் முறையில், நகலெடுத்த பின் அதே கோப்பு காலிசெய்யப்படுவதால் சிறிய எஃப்பும் தாக்குப்பிடிக்கும் என்பது உண்மைதான். ஆனால் எந்தச் சர்வரில் எந்த முறை என்று நடுநிசியில் நினைவுகூர்வதைவிட ஷிஃப்ட் விசையை அழுத்துவது எளிது.

லெஸ்ஸில் கண்ட்ரோல்-சி அழுத்தி ஓட்டத்தை நிறுத்தி, முந்தைய வரிகளில் தேடிவிட்டு, பெரிய எஃப் தட்டி மீண்டும் ஓடவிடலாம். இந்த வசதி டெய்லில் இல்லை. எனினும் ஃபாலோ-நேம் விருப்பத்தைச் சேர்க்க மறந்தால் அங்கும் அதே பரண் கதைதான். தவிர, ஓடும் வரிகளை டெய்லிலிருந்து, வரிகளை வடிகட்டும் கிரெப் போன்ற இன்னொரு கட்டளைக்குப் பைப் செய்து அனுப்புவதுபோல லெஸ்ஸில் இயலாது. பல லாக் கோப்புகளை ஒரே திரையில் காட்டும் மல்டிடெய்லை இரண்டு நாள் மட்டுமே ஓட்டிப் பார்த்ததால் அதைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதியில்லை.

இப்போது ஒரு டெர்மினலில் டெய்ல் பெரிய எஃப்புடன் விடியும்வரை ஓடுகிறது. பிழை கண்ணில் பட்டால் மட்டும் பக்கத்து டெர்மினலில் லெஸ்ஸைத் திறக்கிறேன்.