கரண்ட் வந்ததும் ஹார்ட் டிஸ்க்கைக் காணோமா? "போர்டு போச்சு சார்" என்றால் உடனே பர்ஸை எடுக்காதீர்கள்

திண்டுக்கல்லில் கல்யாண ஆல்பம் டிசைன் செய்து பிழைப்பவன் நான். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை முடிந்து கரண்ட் வந்த ஒரு மதியம், என் கம்ப்யூட்டரில் இருந்த இரண்டு ஹார்ட் டிஸ்க்கும் ஒன்றாகக் காணாமல் போயின. அதைச் சாக்காக வைத்து ஒரு சர்வீஸ் கடை என்னிடம் இருபதாயிரத்துக்கு மேல் கறந்துவிட்டது. உண்மையில் போயிருந்தது நூறு ரூபாய்கூடப் பெறாத ஒரு வயர். கடைப் பெயரை எழுதப் போவதில்லை, புகார் நடந்துகொண்டிருக்கிறது. ஆனால் இதே கதையை வேறு ஊர்களில் வேறு கடைகளும் சொல்கின்றன என்று கேள்விப்பட்ட பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

என் மெஷினில் விண்டோஸ் ஒரு சின்ன எஸ்எஸ்டியில் (சுற்றும் தட்டு இல்லாமல் சிப்பிலேயே பதியும் டிஸ்க்) இருக்கிறது, போட்டோக்களும் ஆல்பம் ஃபைல்களும் தலா 1 டிபி உள்ள இரண்டு பழைய ஹார்ட் டிஸ்க்குகளில். அன்றைக்குக் கரண்ட் ஒரேயடியாக வரவில்லை, வந்து, போய், மறுபடி வந்து, டியூப்லைட் மின்னி மின்னி எரிந்தது. அப்புறம் மெஷினைப் போட்டால் விண்டோஸ் எப்போதும்போல ஒழுங்காக வருகிறது, டி டிரைவும் இ டிரைவும் மட்டும் இல்லை. பயாஸுக்குள், அதாவது விண்டோஸ் வருவதற்கு முன் திறக்கிற மதர்போர்டின் செட்டிங் திரைக்குள் போய்ப் பார்த்தேன், அங்கேயும் எஸ்எஸ்டி மட்டும்தான். வைகாசி முகூர்த்த ஆல்பங்கள் அத்தனையும் உள்ளே. பார்ட்டிகள் வேறு தினமும் போன்.

கடையில் என் எதிரில் மெஷினைத் திறக்கவே இல்லை. "விட்டுட்டுப் போங்க சார், பார்த்துட்டுச் சொல்றேன்" என்றார்கள். சாயந்திரம் போன் வந்தது: "ரெண்டு டிஸ்க்கும் போச்சு சார், சர்ஜ் அடிச்சு போர்டு எரிஞ்சிடுச்சு. சென்னையில லேபுக்கு அனுப்பித்தான் டேட்டா எடுக்கணும், ஒரு டிஸ்க்குக்கு ஏழாயிரத்து ஐந்நூறு." போர்டு என்றது டிஸ்க்கின் அடியில் இருக்கும் சர்க்யூட் பலகையை, சர்ஜ் என்றது திடீரென்று எகிறும் வோல்டேஜை. கூடவே, எடுக்கிற டேட்டாவைப் போட்டுத் தர ஒரு புது 2 டிபி டிஸ்க் வேண்டும், அது தனி. "பழைய டிஸ்க்கை இனிமே நம்ப முடியாது சார்" என்று அக்கறையாகச் சொன்னார்கள் பாருங்கள், அதுதான் உச்சம். எந்த லேப் என்று கேட்டதற்கு "நம்ம ரெகுலர் லேப்தான்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. அட்வான்ஸ் எட்டாயிரம் கொடுத்தேன்.

ஒரு வாரம் போல ஆனதும் மெஷின் வந்தது. புது டிஸ்க்கில் எல்லா ஃபோல்டரும் அப்படியே இருந்தன. ஒரு போட்டோகூட விடுபடவில்லை என்று எனக்கும் நிம்மதிதான், மீதிப் பணத்தைக் கொடுத்துவிட்டேன். பில் கேட்டபோது ஒரு துண்டுச் சீட்டில் "டேட்டா ரெக்கவரி, போர்டு மாற்றம், 2 டிபி" என்று எழுதி ஒரு தொகையைப் போட்டுக் கொடுத்தார்கள். கடை முத்திரை இல்லை, ஜிஎஸ்டி எண் இல்லை. பழைய டிஸ்க்குகளைக் கேட்டதற்கு "அது ஸ்கிராப் சார், எதுக்கு" என்றார்கள். எனக்கு வேண்டும் என்று நின்றதும் உள்ளே போய் எடுத்து வந்து கொடுத்தார்கள்.

விஷயம் வெளியே வந்தது எங்கள் தெருவில் சிசிடிவி மாட்டும் தம்பி ஒருவரால். வேறு வேலையாக ஸ்டுடியோவுக்கு வந்தவர் மேசைமேல் கிடந்த டிஸ்க்கைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "அண்ணே, இதுல போர்டு மாத்தினதா யார் சொன்னது?" போர்டைப் பிடித்திருக்கும் நட்சத்திரத் தலை ஸ்க்ரூக்களில் ஒன்றில்கூட ஸ்க்ரூடிரைவர் பட்ட கீறல் இல்லை, ஸ்க்ரூவைச் சுற்றி அடைந்திருந்த தூசி வளையம் கலையாமல் இருந்தது. டிஸ்க்கை வெளியிலிருந்தே யுஎஸ்பியில் இணைக்கும் டாக் ஒன்று அவரிடம் இருந்தது, அதில் செருகினார். விர்ரென்று சுற்றியது, டிரைவ் எழுத்தோடு வந்து நின்றது, உள்ளே என் ஆல்பங்கள். இரண்டாவதும் அப்படியே. டிஸ்க்கின் ஆரோக்கியத்தைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளைப் போட்டுப் பார்த்தால் 5, 197, 198 என்ற எண்களுக்கு நேரே எல்லாம் பூஜ்யம், அதாவது பழுதான செக்டார் ஒன்றுகூட இல்லை. லேபும் இல்லை, ரெக்கவரியும் இல்லை, நல்ல டிஸ்க்கிலிருந்து காப்பி பேஸ்ட் பண்ணியிருக்கிறார்கள். அதற்குப் பதினைந்தாயிரம்.

அப்படியானால் முதலில் ஏன் காணாமல் போயின? தம்பி கேபினெட்டைத் திறந்து டார்ச் அடித்தார். டிஸ்க்குகளுக்குக் கரண்ட் கொடுக்கிற வயரில் பளபளவென்று ஒரு புதுக் கன்வெர்ட்டர் இருந்தது, அது பில்லில் இல்லை. கேபினெட்டின் அடித்தட்டில், மெஷினுக்குக் கரண்ட் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டி ஓரமாக, பழைய கன்வெர்ட்டர் கழற்றிப் போட்டபடியே கிடந்தது. கடைப் பையன் குனிந்து எடுக்கச் சோம்பல்பட்டதால்தான் எனக்குச் சாட்சி கிடைத்தது. பழைய ரக நாலு பின் மோலெக்ஸ் முனையிலிருந்து, டிஸ்க்கில் செருகும் சாட்டா பவர் முனைக்கு மாற்றி, இரண்டாகப் பிரித்துக் கொடுக்கும் சாதாரண ஒய் வயர் அது. மஞ்சள் வயர் நுழையும் இடத்தில் மட்டும் பிளாஸ்டிக் பழுப்பேறி, இளகி, பின் உள்ளே சாய்ந்திருந்தது. முகர்ந்தால் அப்போதும் தீய்ந்த வாடை.

அந்த மஞ்சள் வயர்தான் 12 வோல்ட். சிவப்பு 5 வோல்ட். டெஸ்க்டாப்பில் போடும் 3.5 அங்குல ஹார்ட் டிஸ்க்குக்கு மோட்டாரைச் சுற்ற 12 வோல்ட் வேண்டும், சர்க்யூட்டுக்கு 5 வோல்ட். சாட்டா வயரில் ஓடும் எஸ்எஸ்டிக்கும் லேப்டாப் டிஸ்க்குக்கும் 5 வோல்ட் மட்டும் போதும். ஆகவே 12 வோல்ட் வரவில்லை என்றால் எஸ்எஸ்டி ஜம்மென்று ஓடும், பெரிய டிஸ்க்குகள் மட்டும் மூச்சு விடாது. டிஸ்க் சுற்ற ஆரம்பிக்கும் அந்தச் சில விநாடிகளில் 12 வோல்ட் வயரில் கிட்டத்தட்ட 2 ஆம்பியர் வரைக்கும் இழுக்கும், ஒரே கன்வெர்ட்டரில் இரண்டு டிஸ்க் தொங்கினால் சுமை இரட்டிப்பு. கரண்ட் வந்து வந்து போகும்போது மெஷினும் கூடவே எழுந்து விழுந்தால், லூசாக இருக்கும் பின் சூடேறிக் கருகிவிடும். சிசிடிவிக்காரர்களுக்கு இது பாலபாடம் என்றார் தம்பி. கேமரா காட்சிகளைப் பதியும் டிவிஆர் பெட்டியின் 12 வோல்ட் அடாப்டர் தளர்ந்துபோனால் முதலில் டிஸ்க்தான் காணாமல் போகுமாம், டிவிஆர் பீப் பீப் என்று கத்திக்கொண்டிருக்கும். இரண்டு டிஸ்க் ஒரே விநாடியில் சாவது அபூர்வம், இரண்டும் ஒரே வயரில் தொங்குகின்றன என்றால் வயரைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கடைக்காரருக்கும் இது தெரிந்திருக்கிறது, தெரிந்துதான் கன்வெர்ட்டரை மாற்றியிருக்கிறார்.

இன்னும் ஒன்று பாக்கி. அந்தப் "புது" 2 டிபி டிஸ்க். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் அது ஓடிய நேரம் 23 ஆயிரத்துச் சொச்சம் மணி என்று காட்டியது. இரவு பகல் நிறுத்தாமல் ஓடினால் இரண்டரை வருடத்துக்கு மேல். மாடல் எண்ணைப் பார்த்ததும் தம்பி சிரித்தார், கேமரா ரெக்கார்டருக்கு என்றே விற்கும் ரகம், ஏதோ டிவிஆரிலிருந்து கழற்றியது. ஓடிய மணிக்கணக்கைக்கூட அழித்துவிட்டு விற்பவர்கள் உண்டு. 2025 தொடக்கத்தில் ஜெர்மனியில் வெளியான விவகாரம் ஞாபகம் இருக்கலாம், பழைய சீகேட் சர்வர் டிஸ்க்குகளின் ஸ்மார்ட் கணக்கை (டிஸ்க் தன் ஓட்டத்தைப் பற்றித் தானே வைத்திருக்கும் கணக்கு) பூஜ்யமாக்கிப் புதியது என்று யாரோ சந்தையில் தள்ளிவிட்டார்கள். டிஸ்க்குக்குள் ஃபார்ம் (FARM) என்ற தனிப் பதிவு அழியாமல் இருந்ததால்தான் உண்மையான மணிக்கணக்கு தெரிந்தது. சீகேட் டிஸ்க் வாங்குகிறவர்கள் ஸ்மார்ட்மோன்டூல்ஸ் என்ற மென்பொருளின் புதுப் பதிப்பை வைத்து அதையும் பார்த்துவிடுங்கள். என் கடைக்காரர் அந்த அளவுக்குக்கூட மெனக்கெடவில்லை.

மறுநாள் கன்வெர்ட்டரை எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். முதலில் "லேப்ல ரெடி பண்ணித்தான் சார் அனுப்பினாங்க" என்றார். லேப் பில்லைக் காட்டுங்கள் என்றதும் "அது அக்கவுண்டன்ட்கிட்ட இருக்கு". டிஸ்க்கின் மணிக்கணக்கைக் காட்டியதும், சப்ளையர் மாற்றிக் கொடுத்துவிட்டார் என்று சப்ளையர் மேல் பழி. கடையில் வேறு இரண்டு பேர் நின்றதால் டிஸ்க்குக்கு வாங்கிய பணத்தை மட்டும் அங்கேயே ஜிபேயில் திருப்பி அனுப்பினார். பதினைந்தாயிரத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் "டேட்டா வந்துச்சா இல்லையா சார்?" என்ற ஒரே பதில்.

சரி, உங்கள் வீட்டில் இப்படி நடந்தால் தூக்கிக்கொண்டு ஓடுவதற்கு முன் செய்ய வேண்டியது. மெஷினைப் போடும்போது டெலீட் அல்லது எஃப்2 அழுத்தி பயாஸுக்குள் போங்கள். டிஸ்க் அங்கே தெரிகிறது, விண்டோஸில் மட்டும் இல்லை என்றால், போர்டு எரிந்தது என்ற பேச்சுக்கே இடமில்லை. விண்டோஸிலேயே இருக்கும் டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்து பாருங்கள், டிரைவ் எழுத்து மட்டும் விட்டுப்போயிருக்கலாம், ஆஃப்லைன் என்று இருக்கலாம், இரண்டும் ரைட் கிளிக்கில் சரியாகிற விஷயம். ரா (RAW, அதாவது உள்ளே இருக்கும் ஃபைல் அமைப்பு விண்டோஸுக்குப் புரியவில்லை) என்று காட்டினாலோ, ஃபார்மேட் செய்யவா, இனிஷியலைஸ் செய்யவா என்று கேட்டாலோ கையை எடுத்துவிடுங்கள், உள்ளே முக்கியமான டேட்டா இருந்தால் டிஸ்க்கைச் சரிபார்க்கும் செக்டிஸ்க் கட்டளையும் ஓட்ட வேண்டாம். எக்ஸ்ஃபேட் என்ற முறையில் ஃபார்மேட் போட்ட வெளி டிஸ்க்குகளில் எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் இந்த ரா தொல்லை அதிகம், விண்டோஸின் வழக்கமான என்டிஎஃப்எஸ் முறை போல, செய்யும் மாற்றங்களைக் குறித்துவைத்துக்கொள்ளும் ஜர்னல் கிடையாது அதற்கு.

பயாஸில் தேதி பல வருடம் பின்னால் போயிருந்தால் மதர்போர்டில் இருக்கும் காசு வடிவ பேட்டரி, சிஆர் 2032, தீர்ந்துவிட்டது. 3 வோல்ட் பேட்டரி அது, வாட்ச் கடையிலேயே கிடைக்கும். அது தீர்ந்தால் மின்தடையின்போது பயாஸ் செட்டிங் எல்லாம் பழைய நிலைக்குப் போய்விடும், மதர்போர்டு டிஸ்க்கோடு பேசும் முறையான சாட்டா மோட், ஏஹெச்சிஐயிலிருந்து ரெய்டுக்கோ, ரெய்டிலிருந்து ஏஹெச்சிஐக்கோ மாறி உட்கார்ந்துகொள்ளும். நீலத் திரையில் இன்அக்ஸசிபிள் பூட் டிவைஸ் என்று வந்தால் முதல் சந்தேகம் இதன்மேல்தான் இருக்கட்டும். மோடைப் பழையபடி வைத்தால் விண்டோஸ் எழுந்துவிடும். இதையும் "ஹார்ட் டிஸ்க் கரப்ட்" என்று சொல்லி ஃபார்மேட் அடித்து டேட்டாவை ஒழித்துவிட்டு, அதற்குக் காசும் வாங்குவார்கள்.

பயாஸிலேயே இல்லை என்றால் பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கேபினெட்டைத் திறந்து சாட்டா கேபிளையும் பவர் வயரையும் கழற்றி மாட்டுங்கள், வேறு கேபிள், வேறு பவர் முனை மாற்றிப் பாருங்கள். பிறகு மெஷினைப் போட்டு டிஸ்க் மேல் விரலை வைத்தால் சுற்றுகிறதா என்று தெரியும். சுற்றவே இல்லை, வேறு மெஷினிலும் சுற்றவில்லை என்றால்தான் போர்டைச் சந்தேகிக்கலாம். அப்போதும் பல நேரம் போவது டிவிஎஸ் டையோடு என்ற சின்னப் பாகம்தான், அதிக வோல்டேஜ் வந்தால் தான் ஷார்ட் ஆகி மற்றதைக் காப்பாற்றுவதுதான் அதன் வேலை. போர்டையே மாற்றுவதானால் பெரும்பாலான டிஸ்க்குகளில் பழைய போர்டின் ஆர்ஓஎம் (ROM) சிப்பை, அதாவது அந்த டிஸ்க்குக்கே உரிய அளவீடுகள் இருக்கும் சிப்பை, புதியதில் மாற்றி வைக்க வேண்டும். "அதே மாடல் போர்டு போட்டோம்" என்று சொல்கிறவரிடம் சிப்பை மாற்றினீர்களா என்று கேளுங்கள், முகமே சொல்லிவிடும். டிக் டிக் என்று அடிக்கிறதென்றால் உடனே அணைத்துவிடுங்கள், அது நிஜமாகவே லேபுக்குப் போக வேண்டிய கேஸ்.

சாட்டா வயரில் ஓடும் எஸ்எஸ்டி காணாமல் போனால் ஒரு வழி உண்டு: டேட்டா கேபிளைக் கழற்றிவிட்டுப் பவர் மட்டும் கொடுத்து இருபது முப்பது நிமிடம் சும்மா விடுங்கள், பிறகு பவரையும் அரை நிமிடம் துண்டித்து, மறுபடி ஒருமுறை அப்படியே. திடீரென்று கரண்ட் போனதில் குழம்பிய உள் அட்டவணையைத் தானே சரிசெய்துகொள்ள அதற்கு நேரம் கிடைக்கும், எல்லாம் திரும்பும் என்று இல்லை, ஆனால் செலவில்லாத முயற்சி. 

கடைக்குக் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் டிஸ்க் லேபிளின் சீரியல் எண் தெரிய ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் கண்ணெதிரே இன்னொரு மெஷினில் மாட்டிக் காட்டச் சொல்லுங்கள், ஐந்து நிமிட வேலை, நேர்மையான கடைக்காரர் முகம் சுளிக்க மாட்டார். லேபுக்கு என்றால் லேப் பெயர் எழுதிய ரசீது. பழைய பாகம் எல்லாம் திரும்ப வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

சேவைக்குப் பில் தர மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே பேசிப் புகார் பதிந்தேன். கடைக்காரர் அசையவில்லை என்பதால் அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம், 5 லட்சம் வரையான விவகாரத்துக்குக் கட்டணம் இல்லை, இ-ஜாக்ரிதி தளத்திலேயே மனு போடலாம், சம்பவம் நடந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன்னோட்டமாகக் கடைக்கு ஸ்பீடு போஸ்ட்டில் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறேன், கருகிய கன்வெர்ட்டர் போட்டோவும் டிஸ்க்கின் மணிக்கணக்கு ஸ்கிரீன்ஷாட்டும் துண்டுச் சீட்டின் நகலும் சேர்த்து. டெலிவரி ஆனதாகக் காட்டுகிறது, பதில் இன்னும் வரவில்லை. வந்தால் இதன் கீழேயே எழுதுகிறேன்.