பௌலிங் மெஷின் நெட்ஸ்: அரை மணிக்கு 350 ரூபாய், ஞாயிற்றுக்கிழமை டக்

எங்கள் ஏரியாவில் புதிதாக ஒரு பௌலிங் மெஷின் நெட்ஸ் (மெஷின் பந்து போட, வலைக்குள் நின்று கிரிக்கெட் பேட்டிங் பழகும் இடம்) வந்திருக்கிறது. அரை மணிக்கு 350 ரூபாய், ஹெல்மெட், பேட், கிளவ்ஸ் எல்லாம் அங்கேயே தருவார்கள் (கிளவ்ஸ் மட்டும் வீட்டிலிருந்து கொண்டுபோய்விடுங்கள், முந்தின ஆளின் வேர்வை காயாமலே நம் கைக்கு வரும்). வாரம் இரண்டு நாள் வீதம் ஒரு மாதம் போனேன். நான் சொல்லப்போவது இந்த மாதிரி இடம் எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்பதால் பேர் போடவில்லை.

முதல் இரண்டு வாரம் சொர்க்கம். மெஷின் என்பது சுழலும் இரண்டு சக்கரம், அவ்வளவுதான். பையன் பந்தைத் தூக்கிக் காட்டிவிட்டு நடுவில் விடுவான், சர்ரென்று வரும். ஆஃப் ஸ்டம்புக்குக் கொஞ்சம் வெளியே, ஒரே லெங்த், ஒரே வேகம். பத்தாவது பந்துக்குள் கால் தானாக முன்னே போய்விடுகிறது, முப்பதாவது பந்துக்கெல்லாம் கவர் டிரைவ் அப்படியே நடு பேட்டில். வீடியோ எடுத்து ஸ்டேட்டஸ் வேறு வைத்தேன். அந்த ஞாயிறு ஆபீஸ் மேட்ச்சில் தொப்பையோடு ஒருவர் நாலு எட்டு நடந்து வந்து ஒரு பந்தைத் தூக்கிப் போட்டார். முதல் பந்தே போல்டு.

எரிச்சலில் இதைப் பற்றித் தேடிப் படித்தேன். வலிப்புக்காக 1953-இல் மூளை அறுவை செய்துகொண்ட ஹென்றி மொலைசன் என்பவருக்கு அதன் பிறகு புதிதாக எதுவும் நினைவில் தங்கவில்லை. பிரெண்டா மில்னர் என்ற உளவியலாளர் அவரிடம் கண்ணாடியில் தெரியும் கையை மட்டும் பார்த்து நட்சத்திரம் வரையச் சொன்னார். நாளுக்கு நாள் கோடு திருந்திக்கொண்டே வந்தது, ஆனால் ஒவ்வொரு நாளும் அவருக்கு அது முதல் தடவைதான். கை கற்றுக்கொள்வதும் நாம் 'ஞாபகம்' என்று சொல்வதும் மூளையில் தனித்தனிப் பாதை. அதனால்தான் 'எனக்கு வந்துவிட்டது' என்று மனசு சொல்வதை அவ்வளவாக நம்ப முடியாது.

என் விஷயத்தை நேராகத் தொட்டது 1994-இல் வந்த ஒரு பேஸ்பால் ஆய்வு. கல்லூரி வீரர்களுக்கு ஆறு வாரம், வாரம் இரண்டு நாள், கூடுதலாக 45 பந்துகள். ஒரு குழுவுக்கு ஒரே வகை 15, அப்புறம் அடுத்த வகை 15 என்று வரிசையாக. இன்னொரு குழுவுக்கு மூன்று வகையும் கலந்துகட்டி. கடைசியில் வரிசையாக ஆடியவர்கள் சுமார் 25 சதவீதம் முன்னேறினார்கள், கலந்து ஆடியவர்கள் 57. ஒரே பந்து திரும்பத் திரும்ப வந்தால் முந்தின அடியையே உடம்பு காப்பி அடிக்கிறது. பந்து மாறினால் ஒவ்வொரு தடவையும் அடியைப் புதிதாகத் தேடி எடுக்க வேண்டும், அந்தத் தேடல்தான் தங்குகிறது. ஆஸ்திரேலிய பேட்ஸ்மேன் பிராட்மன் சின்ன வயதில் தண்ணீர்த் தொட்டியின் வளைந்த அடிச்சுவரில் கோல்ஃப் பந்தை எறிந்து ஒரு ஸ்டம்பால் அடித்துப் பழகிய கதை தெரியுமே, எந்தப் பக்கம் திரும்பி வரும் என்று அவருக்கும் தெரியாது.

மூன்றாவது வாரம் மெஷின் பையனிடம், "தம்பி, ஒவ்வொரு பந்துக்கும் மாத்திப் போடு" என்றேன். "அண்ணா, நெறைய மிஸ் ஆகும், பரவாயில்லையா?" என்று சிரித்தான். ஆனது. பாதிக்கு மேல் மிஸ், ஸ்டேட்டஸ் வைக்க ஒன்றுகூடத் தேறவில்லை. ஆனால் அவன் திருகைத் திருப்புவதும் மெஷின் தலையைச் சாய்ப்பதும் இங்கிருந்தே தெரிகிறது, அதோடு பௌலரின் கையையும் மணிக்கட்டையும் பார்த்துப் பந்தைக் கணிப்பது பேட்டிங்கில் பாதி வேலை, மெஷினுக்குக் கையே கிடையாது.

காலை ஆறு மணி ஸ்லாட்டில் அதே பையன் 100 ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டு சைட் ஆர்ம் கரண்டியால் (பந்தை வைத்துக் கையால் வீசி எறியும் நீளக் கைப்பிடிக் கரண்டி) எறிகிறான். இதுதான் அங்கே உருப்படியான விஷயம், போர்டில் எழுதக்கூட இல்லை, கேட்டால்தான் உண்டு. மெஷினுக்கு 5-க்கு 2, பையனுக்கு 5. சாயங்காலம் லைட் கண்ணுக்கு நேராக அடிக்கிறது, பார்க்கிங் கிடையாது.

போன ஞாயிறு அதே தொப்பை அண்ணனிடம் 11 ரன் எடுத்தேன், அப்புறம் ரன் அவுட்.